கூலி என்று எழுதிய பேனாவுக்கு

'கடல் கடந்த தமிழன்' என்று ஆரம்பித்தாலே நம்ம ஊர் மேடைகளில் மைக்குக்கு வீரம் வந்துவிடுகிறது. ராசேந்திர சோழனின் கப்பற்படை, கடாரம், அப்புறம் ஒரே தாவாகத் தாவி இன்றைக்குக் கனடாவிலும் சிங்கப்பூரிலும் கம்பெனி நடத்தும் தமிழன். நடுவில் இருநூறு வருசம் காணாமல் போய்விடுகிறது. அந்த இருநூறு வருசத்தில் கடல் தாண்டிப் போனவர்கள் யார், எந்தத் தெருவிலிருந்து போனார்கள், எதுக்குத் தப்பித்துப் போனார்கள் என்று கேட்டுப் பாருங்கள். மேடை தண்ணி குடிக்க ஆரம்பிக்கும்.

இன்னொரு வகை எழுத்தும் இருக்கிறது. அது இரக்க எழுத்து. அட்டைக்கடி, லயம், துரையின் பூட்ஸ் கால், கங்காணியின் பிரம்பு, பசி. எல்லாமே நடந்ததுதான். ஆனால் அந்த எழுத்தில் எங்கள் சனத்துக்கு முதுகு மட்டும்தான் இருக்கும், அடி வாங்க. கை இருக்காது. மூளை இருக்கவே இருக்காது. பெருமைக்காரர்கள் எங்களை மறைத்தார்கள். இரக்கக்காரர்கள் எங்களைக் 'கூலி' என்ற ஒரு சொல்லுக்குள் போட்டு மூட்டை கட்டினார்கள்.

இந்த இரண்டு பேரோடும் எனக்கு ஒரு தகராறு இருக்கிறது. மூன்றாவதாக நம்மோடும் இருக்கிறது, அதைக் கடைசியில் சொல்கிறேன். தகராறுக்குச் சாட்சி எங்கப்பா. 1948இல் இலங்கை மலையகத்தில் பிறந்து, 1975இல் இந்தியாவுக்கு வந்து, 2022இல் நீலகிரியில் செத்துப்போன ஒரு மெக்கானிக். பெண்டாட்டி பிள்ளைகளை விட்டால் வேறு சொத்து இல்லாத ஒரு குடும்பஸ்தர்.

1

முதலில் கணக்கைத் தீர்த்துக்கொள்வோம். அடிமைமுறையை ஒழிப்பதாக இந்தியாவில் சட்டம் வந்தது 1843இல். சட்டம் வந்த பிறகும் பண்ணையாள் பண்ணையாளாகத்தான் இருந்தான். பஞ்சம் வந்தால் முதலில் செத்தது சேரி. 1876-78 தாது வருசப் பஞ்சத்தில் யார் வீட்டில் அடுப்பு எரிந்தது, யார் வீட்டில் எரியவில்லை என்பதற்குப் பெரிய ஆராய்ச்சி தேவையில்லை. திருச்சி, சேலம், மதுரை, ராமநாதபுரம், திருநெல்வேலி என்று இந்த மாவட்டங்களின் சேரிகள்தான் இலங்கையின் கோப்பித் தோட்டங்களுக்கும் பிறகு தேயிலைத் தோட்டங்களுக்கும் ஆள் கொடுத்தன. பள்ளர், பறையர், சக்கிலியர். போனவர்களில் பெரும்பான்மை இவர்கள். கூட்டிக்கொண்டு போன பெரிய கங்காணி பெரும்பாலும் மேல்சாதிக்காரர். கடன் கணக்கும் அவர் கையில், பெயர்ப் பட்டியலும் அவர் கையில்.

மன்னாரில் இறங்கி மாத்தளைக்குக் காட்டுவழியே நடந்தார்கள். காலராவிலும் காய்ச்சலிலும் வழியிலேயே செத்தவர்களுக்குக் கணக்கு இல்லை. 2023இல் மலையக மக்கள் தலைமன்னாரிலிருந்து மாத்தளைவரை அதே வழியில் திரும்ப நடந்தார்கள், இருநூறு வருசத்தை நினைவுகூர்ந்து. இங்கே எத்தனை 'கடல் கடந்த தமிழன்' மேடைகள் அதைப் பற்றிப் பேசின? கேட்டுச் சொல்லுங்கள்.

லூல்கந்துர தோட்டத்தில் 1867இல் தேயிலை நட்ட ஜேம்ஸ் டெய்லரை உலகத்துக்கே தெரியும். 1892இல் அவர் செத்தபோது உடலைக் கண்டிவரைக்கும் தூக்கிக்கொண்டு நடந்தவர்கள் தோட்டத் தொழிலாளர்கள். டெய்லருக்கு மகியாவையில் கல்லறை இருக்கிறது, கல்லறையில் பெயர் இருக்கிறது. தூக்கினவன் பெயர் எந்தக் கல்லில் இருக்கிறது? அவரோடு சேர்ந்து அந்தச் செடியை வளர்த்தவன், கொழுந்தை வாட்டிக் கசக்கிப் பக்குவம் கண்டவன் பெயர் எதில் இருக்கிறது? தேயிலை ஒரு துரையின் மூளையில் விளைந்த பயிர் என்றும், கறுத்த கைகள் அதுக்கு வெறும் கூலி என்றும் எழுதிவிட்டார்கள். நாமும் அதையே தமிழில் பெயர்த்துப் பாடம் நடத்திக்கொண்டிருக்கிறோம்.

2

அப்பா பிறந்தது அட்டன் பக்கத்தில் ஒரு தோட்டத்து லயத்தில். அவர் பிறந்த அதே 1948இல்தான் இலங்கைப் பாராளுமன்றம் 18ஆம் இலக்கக் குடியுரிமைச் சட்டத்தைக் கொண்டுவந்தது. தவழ ஆரம்பிக்கும்முன்னே நாடற்றவர் ஆகிவிட்டார். மறு வருசம் பெரியவர்களின் ஓட்டும் போனது.

தாத்தா மற்றவர்களைப்போல மலையில் கவ்வாத்து வெட்டியவர்தான். கூடுதலாக அவருக்கு ஒரு விடிகாலை வேலையும் இருந்தது. தப்படித்துச் சனத்தைப் பெரட்டுக்கு எழுப்புவது. எல்லாச் சாதியும் கொழுந்து பறித்தது, எல்லாச் சாதியும் முள்ளுக்குத்தியது. தப்பு மட்டும் எங்கள் கையைத் தேடி வந்தது. லயமும் அப்படித்தான், சாதிக்கு ஒரு லயம். கடல் தாண்டினால் சாதி போய்விடும் என்று எவனோ புத்தகத்தில் எழுதியிருக்கிறான். நம்மாள் தட்டுமுட்டுச் சாமானோடு போனான், சாதிக்காரன் சாதியோடு போனான். ஒரே தோணியில்தான் போனார்கள்.

1962இல், பதினாலு வயசில், அப்பாவை ஸ்டோரில் எடுத்தார்கள். தோட்டத்து ஆட்கள் தேயிலைத் தொழிற்சாலையை ஸ்டோர் என்றுதான் சொல்லுவார்கள். வேலை என்ன? எண்ணெய்க் குவளையைத் தூக்கிக்கொண்டு எஞ்சின் பாஸ் பின்னாலே நடப்பது. பாஸ் ஒரு சிங்களக் கிழவர். அவருக்குத் தமிழ் அரைகுறை, அப்பாவுக்குச் சிங்களம் அரைகுறை. தோட்டத்துத் தமிழ்க் கணக்கப்பிள்ளை, அப்பா தண்ணிப் பானையைத் தொட்டால் பானையைக் கழுவச் சொல்லுவாராம். அந்தச் சிங்களக் கிழவர் தன் கோப்பையிலேயே பிளேன்டீ ஊற்றிக் கொடுத்து, எஞ்சினின் வயிற்றைத் திறந்து காட்டினார். சிங்கள அரசு அப்பாவை நாடற்றவராக்கியது. ஒரு சிங்களத் தொழிலாளி அவரை மெக்கானிக் ஆக்கினார். தமிழ்க் கணக்கப்பிள்ளை அவரைப் பறையனாகவே வைத்திருந்தார். இந்த மூன்றையும் சேர்த்துச் சொல்லத் தைரியம் இருக்கிறவன் தமிழ் ஒற்றுமை பற்றிப் பேசட்டும், உட்கார்ந்து கேட்கிறேன்.

அந்தக் காலத்து ஸ்டோரில் மிசினுக்கு ஒரு மோட்டார் கிடையாது. மொத்தத்துக்கும் ஒரே எஞ்சின். அது ஒரு நீளமான சாஃப்டைச் சுற்றும். சாஃப்டிலிருந்து கப்பி, கப்பியிலிருந்து தோல் பெல்ட், பெல்டிலிருந்து ரோலர், சல்லடை, காற்றாடி எல்லாம் ஓடும். சாஃப்ட் ஒரு நூல் சாய்ந்தாலும் பெல்ட் நழுவும். நழுவின பெல்ட் பக்கத்தில் நிற்கிறவனின் கையைக் கேட்கும். தோல் காய்ந்து வெடிக்காமல் இருக்க விளக்கெண்ணெய் தடவ வேண்டும். கூடப் போனாலும் வழுக்கும், குறைந்தாலும் பிளக்கும். எவ்வளவு என்று எந்தப் புத்தகத்தைப் பார்த்தும் அப்பா தடவவில்லை. பேரிங் போகப்போகிறதா என்று பார்க்க, ஒரு ஸ்குரூடிரைவர் முனையை மேல்கூட்டில் வைத்து, பிடியைக் காதில் வைத்துக் கேட்பார். "அது மொதல்ல முனகும் பாப்பா, அப்புறம் அரைக்கும், அப்புறம் அழும். முனகும்போதே நிப்பாட்டிட்டா பத்து ரூவாயோட போச்சு" என்பார்.

பெல்பாஸ்டில் செய்த சிராக்கோ அடுப்பில் சூடு கொஞ்சம் ஏறினால் தூள் கருகும். குறைந்தால் ஈரம் நின்று பூத்துப்போகும். இருநூறு பொம்பளைகள் பனியிலும் மழையிலும் நின்று அன்றைக்குப் பறித்த கொழுந்து அத்தனையும் அவர் காதையும் விரலையும் நம்பித்தான் ஸ்டோருக்குள் வந்தது. அந்த இருநூறு பேரில் எங்கம்மாவும் ஒருத்தி.

சனத்தை எழுப்பத் தப்பு போய்ச் சங்கு வந்தது. அந்தச் சங்கையும் அப்பாதான் ஊதினார். "அப்பன் தப்படிச்சு எழுப்புனாரு, மகன் சங்கு ஊதி எழுப்புனேன். தப்புக்குச் சாதி கேட்டானுங்க, சங்குக்குக் கேக்கல" என்று சொல்லிச் சிரிப்பார். அந்தச் சிரிப்பை எளிதாக எடுத்துக்கொள்ளாதீர்கள். ஒரு சாதி விதித்த வேலையிலிருந்து தன் கையை உருவிக்கொண்ட மனுசனின் சிரிப்பு அது. ஆனால் செக்ரோலில்? பெயருக்கு நேரே 'கூலி'. பாஸ் வேலையை விட்டுப் போன பிறகு ரெண்டு வருசம் எஞ்சினைத் தனியாகப் பார்த்தபோதும் கூலிதான்.

3

1964 அக்டோபர் 30. சிறிமாவோவும் லால்பகதூர் சாஸ்திரியும் கையெழுத்துப் போட்டார்கள். மொத்தம் 9,75,000 பேர். இந்தியாவுக்கு 5,25,000, இலங்கைக்கு 3,00,000. மீதி 1,50,000 பேரைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்றார்கள். 1974இல் இந்திரா காந்தி காலத்தில் அதையும் ஆளுக்கு 75,000 என்று பாதிப்பாதியாகப் பிரித்தார்கள். மாட்டுச் சந்தையில்கூடக் கன்றையும் தாயையும் பிரிக்கும்போது விற்கிறவன் ஒருநிமிசம் யோசிப்பான்.

இங்கேதான் 'குடும்பஸ்தன்' என்ற சொல்லுக்கு வருகிறேன். நம் இலக்கியத்தில் அந்தச் சொல்லுக்கு மரியாதை கிடையாது. குடும்பஸ்தன் என்றால் நடுத்தர வர்க்கத்துக் கோழை, புரட்சிக்கு ஆகாதவன். பார்ப்பான், முதலி, பிள்ளை வீட்டுக் குடும்பத்தைப் பார்த்து எழுதினவர்களுக்கு அப்படித் தெரிந்திருக்கலாம். எங்கள் சனத்துக்குக் குடும்பம் என்பது அரசாங்கங்கள் உடைக்கிற பொருள். பெரியப்பா இலங்கைப் பிரஜாவுரிமைக்கு மனுப்போட்டார், அவருக்குக் கிடைத்தது. தாத்தா இந்தியாவுக்கு மனுப்போட்டார், அதுவும் கிடைத்தது. ஒரே லயத்தில் ஒரே சட்டியில் சாப்பிட்ட அண்ணன் தம்பி ரெண்டு நாட்டுக்காரர்கள் ஆனார்கள். 1973-74இல் தோட்டங்களில் பட்டினிச் சாவு விழுந்தது. கைக்குழந்தையாக இருந்த என் பெரியக்காவுக்குப் பால் கட்டிப்போய் அம்மா அழுததைத்தான் அப்பா புறப்பட்டதற்குக் காரணமாகச் சொல்லுவார். தாய்நாட்டுப் பாசம் என்று ஒருநாளும் சொன்னதில்லை.

மலையிலிருந்து தலைமன்னாருக்குப் போன ரயிலுக்கு எங்கள் சனம் வைத்த பெயர் ஒப்பாரிக் கோச்சி. 1975இல் அதில் ஏறினார்கள். தலைமன்னாரில் கப்பல், ராமேஸ்வரத்தில் இறக்கம். ஒருகாலத்தில் இலங்கைக்குப் போகிற கூலிகளை நோய் இருக்கிறதா என்று அடைத்துவைத்துச் சோதித்த அதே மண்டபம் முகாமில் இப்போது திரும்பி வருகிறவர்களை வரிசையில் நிற்கவைத்தார்கள். கையில் ஒரு குடும்ப அட்டை, ஒரு கடன் வாக்குறுதி. 'தாயகம் திரும்பியோர்' என்று அரசாங்கம் எங்களுக்குப் பெயர் வைத்தது. ஒருநாளும் பார்த்திராத ஊருக்கு ஒரு மனுசன் எப்படித் 'திரும்ப' முடியும்? அங்கே 'கள்ளத்தோணி', இங்கே 'சிலோன்காரன்'. ரெண்டு கரையிலும் வந்தேறி.

அவர் கொண்டுவந்த சாமானில் கனமாக இருந்தது ஒரு சாக்குச் சுருட்டு. உள்ளே விட்வொர்த் அளவு ஸ்பேனர்கள், ஒரு சுத்தியல், அரங்கள், ஒரு காலிப்பர். கூலிக்காசில் ஒவ்வொன்றாக வாங்கினது. சுங்கத்தில் "இது தோட்டத்துச் சொத்தா?" என்று கேட்டார்களாம். ஒரு கூலிக்கு எதுக்கு ஸ்பேனர் என்பதுதான் அந்தக் கேள்வியின் அர்த்தம். அந்தக் கேள்வி ராமேஸ்வரத்தோடு முடிந்துவிடவில்லை.

4

முதலில் போனது தாத்தாவின் பூர்வீக ஊருக்கு, திருச்சி மாவட்டத்தில் ஒரு கிராமம். ஊர் என்று சொல்வது பழக்கதோசம், போனது சேரிக்கு. மூன்று தலைமுறை கடந்தும் ஊர் எங்களை அடையாளம் கண்டுகொண்டது. எந்தக் குடும்பம், யாருடைய பேரன், யார் பண்ணையில் இருந்தவன், எல்லாம் ஞாபகம் வைத்திருந்தது. டீக்கடையில் தனிக் கிளாஸ் தயாராக இருந்தது. மூன்றாம் மாதம் மேலத்தெருவில் ஒரு சாவு. "ஏண்டா சிலோன்காரா, உங்க தாத்தன் அடிச்ச தப்பு, நீ வந்து அடி" என்று ஆள் வந்தது.

"நான் மெக்கானிக்குங்க. உங்க பம்புசெட்டு ரிப்பேருன்னா கூப்புடுங்க, வர்றேன்."

இவ்வளவுதான் அப்பா சொன்னது. இதுக்குத்தான் வீட்டுக்கூரையில் கல் விழுந்தது. இரண்டு வாரம் கழித்து அதே மேலத்தெருவில் பம்புசெட்டு நின்றுபோய், பயிர் காய்ந்தபோது கூப்பிட்டார்கள். போனார். கிணற்று மேட்டில் மோட்டாரைப் பிரித்துப் போட்டுச் சரிசெய்தார். தண்ணி பாய்ந்தது. அந்தத் தண்ணியை அள்ளிக் குடிக்க அவருக்குக் கைதான், சொம்பு கிடையாது. மிசினைத் தொடலாம், சொம்பைத் தொடக்கூடாது. நவீனம் வந்தால் சாதி போகும் என்று சொல்லும் தோழர்கள் இந்தக் கிணற்று மேட்டில் ஒருநாள் நிற்கவேண்டும். சாதி பம்புசெட்டோடு சண்டை போடாது. பம்புசெட்டை ஓட்டிக்கொண்டே சொம்பைக் காப்பாற்றிக்கொள்ளும்.

வியாபாரக் கடனை வைத்து என்ன வியாபாரம் செய்வது? சேரிக்காரன் கடை போட்டால் எந்த ஊரான் வாங்குவான்? அரசாங்கத்துக்கு இது தெரியாதா? தெரியும். திட்டத்தில் அதுக்குப் பத்தி இல்லை, அவ்வளவுதான். 1977இல் ஒருநாள் இருட்டோடு கிளம்பி, முன்பே வந்திருந்த சொந்தக்காரர்களைத் தேடி நீலகிரிக்கு வந்துவிட்டார்கள். அப்படிப் போன குடும்பங்கள் ஏராளம். மறுபடியும் மலை, மறுபடியும் தேயிலை, மறுபடியும் லைன் வீடு.

5

நீலகிரியில் ஒரு தேயிலைத் தொழிற்சாலையில் சேர்ந்தார். என்ன வேலைக்கு? பொதுத் தொழிலாளி. ஐ.டி.ஐ. சான்றிதழ் இல்லாதவன் மெக்கானிக் ஆக முடியாது. பதின்மூன்று வருச அனுபவத்துக்கு ஒரு காகிதம் இல்லை. அதனால் சான்றிதழ் வைத்திருந்த பையனுக்குக் கீழே ஹெல்பர். அந்தப் பையன்கள் வருவார்கள், அப்பாவிடம் படிப்பார்கள், பதவி உயர்ந்து போவார்கள். அடுத்தவன் வருவான். ஒருத்தன் மட்டும் போகும்போது அப்பா காலைத் தொட்டுக் கும்பிட்டான் என்று அம்மா சொல்லுவாள். மற்றவர்கள் "வர்றேன் சிலோன்காரரே" என்றதோடு சரி.

சிலோனில் பழகினது பழைய முறை ரோலர். இங்கே சி.டி.சி. மிசின் வந்துவிட்டது. பல் வெட்டின ரெண்டு எஃகு உருளை, ஒன்று மெதுவாகச் சுற்றும், மற்றது அதைப்போலப் பத்து மடங்கு வேகத்தில் சுற்றும். இலை நடுவில் போய் நசுங்கி, கிழிந்து, சுருண்டு விழும். ரெண்டு உருளைக்கும் நடுவே இருக்கும் இடைவெளிதான் சூட்சுமம். உருளையின் பல் மழுங்கினால் கடைசலில் பிடித்துத் திரும்பப் பல் வெட்ட வேண்டும். முப்பது வயசுக்குமேல் இத்தனையையும் புதுசாகப் பார்த்துப் பார்த்துக் கற்றுக்கொண்டார். விட்வொர்த் ஸ்பேனர்கள் புது மில்லிமீட்டர் போல்டுகளுக்குப் பொருந்தவில்லை. வேறு செட் வாங்க நாலு வருசம் ஆனது. ஆனால் பழைய வெள்ளைக்காரன் மிசின் எதுவாவது நின்றால், சுற்றுவட்டாரத்தில் அளவு ஸ்பேனர் இருந்தது எங்கப்பாவின் சாக்கில் மட்டும்தான். ராத்திரி பதினோரு மணிக்கு ஜீப் வரும். "சார் கூப்புடுறாரு." போய்விட்டு விடியும்போது வருவார். சம்பளச் சீட்டில்? பொதுத் தொழிலாளி.

இப்போது சான்றிதழ் பற்றி இன்னொரு கதை. பெரியக்கா பிறந்தது இலங்கையில். அந்த ஊர்ப் பிறப்புச் சான்றிதழில் இனம் 'இந்தியத் தமிழர்' என்று இருக்கும், சாதி இருக்காது. மேல்படிப்புக்கு ஒதுக்கீட்டில் இடம் கேட்க எஸ்.சி. சான்றிதழ் வேண்டும். தாலுகா அலுவலகத்தில் "நீங்க எஸ்.சி.ன்னு என்ன ஆதாரம்? பூர்வீக ஊர்ல எழுதி வாங்கிட்டு வாங்க" என்றார்கள். பூர்வீக ஊரில் "எங்க பதிவேட்ல உங்க பேரே இல்லையே" என்றார்கள். இப்படி ரெண்டு வருசம். தப்படிக்கக் கூப்பிட்டபோது எந்தப் பதிவேட்டைப் பார்த்துக் கூப்பிட்டார்கள்? டீக்கடைக்காரன் தனிக் கிளாஸ் வைத்தபோது எங்களிடம் ஆதாரம் கேட்டானா? இழிவுக்கு ஆதாரம் வேண்டாம், உரிமைக்கு வேண்டும். அக்காவுக்கு வயசு தாண்டியது, இடம் போனது. இப்போது தேயிலை பறிக்கிறாள். தாயகம் திரும்பியவர்களில் இப்படிச் சான்றிதழ் இல்லாமல் இடம் இழந்த பிள்ளைகள் ஒருத்தி ரெண்டு பேர் அல்ல. இதைப் போராட்டமாக எடுக்க நமக்கு எத்தனை வருசம் ஆனது என்பதும் கேட்க வேண்டிய கேள்வி.

அப்பா செத்த பிறகு இறப்பைப் பதியப் போனேன். படிவத்தில் 'தொழில்' என்று ஓர் இடம் இருக்கிறது. மெக்கானிக் என்று எழுதச் சொன்னேன். எழுதுகிறவர் நிமிர்ந்து பார்த்தார். குடியிருக்கும் லைனின் பேரைப் பார்த்தார். "சர்டிபிகேட் இருக்காம்மா?" என்றார். இல்லை என்றேன். 'கூலி' என்று எழுதினார். சண்டை போட்டேன். பின்னால் நின்றவர்கள், "செத்தவருக்கு எதுவா இருந்தா என்னம்மா" என்றார்கள். என்னவா? 1962இலிருந்து அறுபது வருசம் ரெண்டு நாட்டு மிசின்களோடு பேசின ஒரு அறிவை ஒரு பேனா ரெண்டு எழுத்தில் தள்ளிவிட்டது. 'கூலி' என்பது ஒரு தொழிலின் பெயர் இல்லைங்க. சம்பளம் கொடுக்கிற முறைக்குப் பெயர். நம் ஆட்களுக்கு மட்டும் அது சாதிப்பெயர் மாதிரி ஒட்டிக்கொள்கிறது.

6

வீட்டில் அவர் எப்படி? தெய்வம் என்றெல்லாம் எழுத மாட்டேன். கோபக்காரர். மூணு நாள் பேசாமல் இருப்பார். சம்பளத்தை அம்மா கையில் கொடுத்துவிடுவார், ஆனால் வருகிற காசையெல்லாம் ஸ்பேனருக்குப் போடுகிறார் என்று அம்மாவுக்கு ஒரு தீராத குறை. "எனக்கு ஒரு மூக்குத்தி இல்ல, அந்தச் சாக்குக்கு மட்டும் வருசா வருசம் புதுசு" என்பாள். அந்தக் குறை நியாயம். அம்மாவும் எட்டு மணிநேரம் மலையில் நின்றவள்தான், அவள் விரலின் வேகத்துக்கும் எந்தச் சான்றிதழும் இல்லை. அதைத் தனியாக எழுதவேண்டும், எழுதுவேன்.

ஆனால் தலித் ஆம்பளை என்றாலே குடிகாரன், பெண்டாட்டியை அடிக்கிறவன் என்று சாதி இந்து எழுத்தாளர்கள் ஒரு பொம்மை செய்து வைத்திருக்கிறார்கள். அந்தப் பொம்மைக்குப் பக்கத்தில் எங்கப்பாவை நிறுத்துகிறேன். ஞாயிற்றுக்கிழமை கறி ஆக்கினது அவர்தான். தேங்காய்ச் சம்பல் இடித்ததும் அவர்தான். "பொம்பளப் புள்ளைக்கு எதுக்குய்யா ஸ்பேனர்" என்று லைனே சிரித்தபோது, எட்டு வயசில் என் கையில் ஸ்பேனரைக் கொடுத்து, "இறுக்குறது பெருசில்ல பாப்பா, எங்க நிப்பாட்டணும்னு தெரியணும்" என்றவர். எம்.ஏ. தமிழ் படிக்கப் போகிறேன் என்றபோது, "அதுல என்னா ரிப்பேரு பாப்ப?" என்று கேட்டார். இந்தக் கட்டுரையை அந்தக் கேள்விக்குப் பதிலாக வைத்துக்கொள்ளலாம்.

பெரியப்பாவுக்கு மாசம் ஒரு கடிதம். சின்ன வயசில் அவர் சொல்லச்சொல்ல அண்ணன் எழுதுவான், பிறகு நான். 1983 ஜூலைக் கலவரத்துக்குப் பிறகு மூன்று மாதம் பதில் இல்லாமல் கிடந்ததாக அம்மா சொல்லுவாள். 1984இல் தலைமன்னார் கப்பலும் நின்றுபோனது. இனி ஒருவரை ஒருவர் பார்க்க விமானத்துக்குக் காசு வேண்டும். பாஸ்போர்ட் வேண்டும். ரெண்டுமே இல்லை. கடல் என்று சொன்னாலும் ராமேஸ்வரத்துக்கும் தலைமன்னாருக்கும் நடுவே எவ்வளவு தூரம்? பெரியப்பா செத்த தகவல் பதினெட்டு நாள் கழித்துக் கடிதத்தில் வந்தது. அப்பா அன்றைக்கும் வேலைக்குப் போனார். ரெண்டு அரசாங்கம் சேர்ந்து பிரித்த ஒரு குடும்பத்தை, முப்பது வருசம் தபால்தலை ஒட்டியே அவர் இழுத்துப் பிடித்திருந்தார். இதையும் அரசியல் என்று சொல்ல நமக்கு வாய் வரவேண்டும்.

7

எதிர்ப்பேச்சு வரும், தெரியும்.

"புலம்பெயர்ந்தவர்கள் பிரச்சினையில் சாதியைக் கொண்டுவந்து தமிழரைப் பிரிக்காதே" என்பார்கள். நாங்கள் கொண்டுவரவில்லை. சாதிக்கு ஒரு லயம் பிரித்தது யாரோ அவரிடம் போய்ச் சொல்லுங்கள்.

"தொழிலாளி வர்க்கத்தில் திறமைசாலி ஒருத்தனைத் தனியே தூக்கிக் காட்டுவது தனிமனித வழிபாடு" என்று சில தோழர்கள் சொல்லுவார்கள். ஃபோர்டையும் டெய்லரையும் பெயர் சொல்லிப் படிக்கும்போது வராத தனிமனித வழிபாடு, எங்கப்பாவைச் சொல்லும்போது மட்டும் ஏன் வருகிறது? அவர் ஒருத்தர் இல்லை. ரயில்வே செட்டிலும், சுரங்கத்திலும், மலாயாவின் ரப்பர் தொழிற்சாலையிலும், வளைகுடா நாட்டு ஒர்க்ஷாப்பிலும் சான்றிதழ் இல்லாத எங்கள் மெக்கானிக்குகள் இருந்தார்கள், இருக்கிறார்கள். வர்க்கம் என்ற பெரிய சொல்லுக்கு உள்ளே ஆட்கள் இருந்தால்தான் அதுக்கு எடை.

மூன்றாவது, நாம். நம் பத்திரிகைகள். இதே விசயத்தை ஒரு இதழுக்கு எழுதிக் கொடுத்தபோது, "வலி பத்தலையே தோழர்" என்று திருப்பிக் கொடுத்தார்கள். கல் விழுந்த கூரையை இன்னும் ரெண்டு பக்கம் எழுதச் சொன்னார்கள், பேரிங்கை எடுத்துவிடச் சொன்னார்கள். அதான் கேக்குறேன், நம் காயத்தைத்தான் அவர்கள் படிக்க விரும்புகிறார்கள் என்பதற்காக, நம் கைவேலையை நாமே வெட்டிப் போடுவதா? கூரையில் கல் போட்டவனைப் பற்றி எழுத வேண்டும், மறக்கக்கூடாது. ஆனால் அவன் எதைத் தாங்க முடியாமல் கல் எறிந்தான்? சேரியான் பட்டினி கிடந்ததையா? அதை அவன் ஆயிரம் வருசமாகத் தாங்கிக்கொண்டுதானே இருந்தான். தப்பு அடிக்க மாட்டேன், மெக்கானிக் வேலைக்குக் கூப்பிடு என்று சொன்னதைத்தான் தாங்க முடியவில்லை. அடி விழுந்த காரணமே அந்த அறிவுதான். அறிவை எடுத்துவிட்டு அடியை மட்டும் எழுதினால், அந்தக் கல்லுக்கு வேலை மிச்சம்.

ஆகவே மாணவத் தோழர்களுக்கும், எழுத வந்திருக்கிறவர்களுக்கும் ஒரு வேலை சொல்கிறேன். தாயகம் திரும்பியவர்களில் ஸ்டோர் வேலை பார்த்த கிழவர்கள் இன்னும் கொஞ்சப் பேர் இருக்கிறார்கள். கோத்தகிரியில், கூடலூரில், வால்பாறையில். அவர்கள் போய்க்கொண்டிருக்கிறார்கள். போய் உட்காருங்கள். என்ன கஷ்டப்பட்டீர்கள் என்று முதல் கேள்வி கேட்காதீர்கள், அதைக் கேட்காமலே சொல்லுவார்கள். என்ன மிசின், யார் சொல்லிக் கொடுத்தார், என்ன அளவு ஸ்பேனர், சத்தத்தை வைத்து என்ன கண்டுபிடிப்பீர்கள், உங்களிடம் படித்தவர்கள் யார் யார் என்று கேளுங்கள். பெண்களிடம் கொழுந்து பறிக்கும் விரலைப் பற்றிக் கேளுங்கள். பெயரை எழுதுங்கள். பெயருக்கு நேரே தொழிலை எழுதுங்கள். 'கூலி' என்று மட்டும் எழுதாதீர்கள்.

சர்டிபிகேட் இருக்கா என்று எவனாவது கேட்டால், இல்லை, நாங்கள்தான் எழுதிக்கொண்டிருக்கிறோம் என்று சொல்லுங்கள்.